முகத்துவாரம் மூடினால் டிஎல்பியைக் கூப்பிடுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்பனுக்கு வடக்கே உம்லோட்டி ஆற்றின் வாய் மணலால் அடைத்துக் கிடக்கிறது, கேட்பார் யாருமில்லை, மண் வெட்டி அள்ளுகிற டிஎல்பி வண்டி ஒன்றை அனுப்பி இரண்டு மணி நேரம் வெட்டினால் நாற்றமும் கொசுவும் ஒழிந்துவிடும் என்று லா மெர்சி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தை உங்கள் பத்திரிகையில் படித்தேன். அவருடைய கோபம் நியாயமானதுதான். அந்த ஆற்றுப் பாலத்தில் காரின் கண்ணாடியை இறக்கிய யாருக்கும் அந்தக் கோபம் வரும். ஆனால் அது போய் விழுந்த இடம் மணல். மணல் ஒரு பாவமும் செய்யவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், இடமில்லையென்றால் எதை வேண்டுமானாலும் குறையுங்கள், மீனைப் பற்றிய பகுதியில் மட்டும் கைவைக்காதீர்கள், ஏனென்றால் அதைத்தான் யாரும் பேசுவதில்லை.

நம் கரையில் ஆற்றின் வாய் மூடுவது நோய் இல்லை, வழக்கம். தென்னாப்பிரிக்காவில் கணக்கெடுத்த கழிமுகங்கள் சுமார் 290. அவற்றில் முக்கால்வாசி வருடத்தில் சில மாதமாவது மூடிக்கிடக்கும், மழை பொய்த்தால் வருடக்கணக்கிலும் மூடிக்கிடக்கும். நம் டர்பன் மாநகராட்சியான ஈதெக்வினியின் எல்லைக்குள் மட்டும் 16 இருக்கின்றன. துறைமுகம், உம்கேனி, உம்கோமாசி மாதிரி ஒரு சிலதை எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் மூடித் திறக்கிற ரகம்தான். நமக்கு இங்கே ஆனி ஆடியில் குளிர், மழை கிடையாது, ஆறு இளைத்துப்போகும், ஆனால் கடல் இளைக்காது, அது பாட்டுக்கு அலைக்கு அலை மணலை வாரிக் கொண்டுவந்து வாயில் போட்டுக்கொண்டே இருக்கும். தள்ளுகிற தண்ணீருக்குப் பலம் இல்லாதபோது மணல் ஜெயிக்கிறது. அப்புறம் புரட்டாசி விரதத்தை முடித்துவிட்டு நாமெல்லாம் மட்டன் கடையில் வரிசையில் நிற்கிற நாளில் முதல் நல்ல மழை பெய்யும், ஆறு நிறையும், மணல் மேட்டைத் தாண்டி ஒரு இடத்தில் வழியும், வழிந்த இடமே அறுத்துக்கொண்டு போய் ஒரே இரவில் வாய் திறந்துவிடும். யாரும் வெட்ட வேண்டியதில்லை.

சரி, தானாகத் திறப்பதை நாம் ஒரு மாதம் முன்னாலேயே திறந்துவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். நிறைய குறையும். நம் குவாசுலு-நடால் கரையின் சின்னக் கழிமுகங்கள் பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு மேலே உட்கார்ந்திருப்பவை. உள்ளே நிற்கிற தண்ணீர், வெளியே இருக்கிற கடலைவிட உயரம். ஆகவே வாயைத் திறந்ததும் கடல் உள்ளே வருவதில்லை, உள்ளே இருப்பதெல்லாம் கடலுக்குப் போய்விடுகிறது. சில மணி நேரத்தில் ஏரி மாதிரி இருந்த இடம் சேற்றுத் தரையும் நடுவில் ஒரு வாய்க்காலுமாக ஆகிவிடும். எவ்வளவு உயரத்தில் திறக்கிறோம் என்பதுதான் எல்லாம். தொட்டி நிறைந்திருக்கும்போது அடைப்பைப் பிடுங்கினால் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து போகும், கால் தொட்டித் தண்ணீரில் பிடுங்கினால் தண்ணீர் மட்டும் போய்க் கசடு அப்படியே தங்கிவிடும், அவ்வளவுதான் விஷயம். ஆறு தானாக மேட்டைத் தாண்டும்போது நீர் உச்சத்தில் இருக்கும், பாய்கிற வேகத்தில் பல மாதத்து வண்டலை உருட்டிக்கொண்டு போகும். நாம் அவசரப்பட்டுத் தாழ்ந்த மட்டத்தில் வெட்டினால் வண்டல் தங்கும். அதையே ஒவ்வொரு வருடமும் செய்தால் கழிமுகம் மேடேறிக்கொண்டே வரும், பிறகு பெரிய மழை வரும்போது தண்ணீருக்குப் போக இடமில்லாமல் வீடுகளுக்குள் வரும். வெள்ளத்துக்குப் பயந்து வெட்டுகிறவர்கள் வெள்ளத்தை வரவழைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை.

இனி மீன். நாம் கிரண்டர் என்கிறோமே, அதுவும் ஸ்டம்ப்நோஸும் பலவகை மடவையும் கடலில்தான் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் விரல்நகம் அளவில் இருக்கும்போதே கரையோரமாக வந்து ஆற்றின் வாயைத் தேடும். ஆற்றுத் தண்ணீரின் வாடை அவற்றுக்கு வழிகாட்டும் என்பார்கள். உள்ளே வந்துவிட்டால் ஒரு வருடம், இரண்டு வருடம், சிலது அதற்கு மேலும் அங்கேயே தின்று வளர்ந்து பிறகுதான் கடலுக்குத் திரும்பும். வாய் மூடியிருந்தால் எப்படி உள்ளே வரும் என்று கேட்பீர்கள். பெரிய அலை அடிக்கும் ஓத நாளில் மணல் மேட்டின் மேல் ஏறி நின்று பாருங்கள், அலை மேட்டைத் தாண்டி ஒரு கணுக்கால் அளவுத் தண்ணீராக உள்ளே வழியும், அந்த நுரையோடு நுரையாகச் சின்னக் குஞ்சுகள் உள்ளே போவதை ஆராய்ச்சிக்காரர்கள் வலைபோட்டுப் பிடித்து உறுதிசெய்திருக்கிறார்கள். மூடிய வாயும் முழுக்க மூடியதல்ல.

உள்ளே போனவற்றுக்கு மூடிய காலம்தான் விருந்து. தண்ணீர் அசையாமல் நிற்கும், வெயில் அடிவரை போகும், சேற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத பாசி ஒரு பழுப்புப் பூச்சாகப் படியும், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகும், அவற்றைத் தின்னும் குஞ்சுகள் கொழுக்கும். சேற்றை இரண்டு விரலால் வழித்துப் பார்த்தால் வழவழவென்று ஒட்டும், அந்த வழவழப்புதான் எல்லாவற்றுக்கும் சாப்பாடு. உம்லோட்டியிலும் பக்கத்து ஒஷ்லாங்காவிலும் இதை வருடக்கணக்கில் அளந்து பார்த்திருக்கிறார்கள். வாய் அடிக்கடி திறந்தால் இந்தப் பாசி சேர நேரமே கிடைப்பதில்லை, திறக்கிற ஒவ்வொரு முறையும் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. கோப் என்கிற பெரிய கத்தாளையும் இப்படிக் கழிமுகத்தில்தான் குழந்தைப் பருவத்தைக் கழிக்கிறது. அந்த மீன் எவ்வளவு குறைந்துபோய்விட்டது என்றால், கரையிலிருந்து தூண்டில் போடுகிற நமக்கு ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் எடுக்க அனுமதியில்லை, அதுவும் 60 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். சட்டப்படி ஒற்றை மீனை அளந்து திருப்பி விடுகிற நாம், அதன் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் இருக்கிற தொட்டியை ஒரு நாளில் வடித்துவிடலாம் என்கிறோம். இதில் என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

வடிந்தபிறகு எப்படியிருக்கும் என்பதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். எந்த ஆறு, யார் செய்தது என்பதெல்லாம் வேண்டாம். இரவில் சிலர் மண்வெட்டியோடு போய் ஒரு முழ அகலத்துக்குக் கீறிவிட்டிருக்கிறார்கள், அது போதும், மற்றதைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். காலையில் நாணல் வேர்கள் எல்லாம் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. சேற்றில் ஆங்காங்கே சட்டி அளவுக் குழிகளில் தண்ணீர் நின்றது, ஒவ்வொரு குழியிலும் சுண்டுவிரல் நீளத்தில் மடவைக்குஞ்சுகள் பக்கவாட்டில் விழுந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன, கொக்குகளுக்கு நடக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, நின்ற இடத்திலேயே தின்றன. நாற்றம் போக வேண்டும் என்று வெட்டினார்கள் அல்லவா, அன்று மதியத்துக்குமேல் வந்த நாற்றம் மூன்று தெருவுக்கு அடித்தது.

இப்போது லா மெர்சி வாசகரின் மூக்குக்கு வருகிறேன். அவர் சொல்வது உண்மை, நாறுகிறதுதான். ஆனால் மூடிய கழிமுகம் நாற வேண்டிய அவசியமில்லை. நாறுவது சாக்கடை. மேலே வெருலம் பக்கத்திலிருந்து சுத்திகரித்த கழிவுநீர் இந்த ஆற்றில்தான் விடப்படுகிறது, சுத்திகரிப்பு ஒழுங்காக நடந்தால்கூட அதில் உரச்சத்து இருக்கும், ஆகாயத்தாமரை அதைத் தின்றுதான் கம்பளம் மாதிரி மண்டுகிறது. அந்தக் கம்பளத்துக்கு அடியில் வெளிச்சம் இல்லை, பாசி இல்லை, இரவில் காற்றும் தீர்ந்துபோகிறது, மீன் சாகிறது. சுத்திகரிப்பு நடக்காமல் பம்பு நிலையம் பழுதாகி, மின்வெட்டில் நின்று, குழாய் உடைந்து, பச்சையாகவே வந்தால் சொல்லவே வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில், நம் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன அந்த வெள்ளத்தில், கழிவுநீர்க் குழாய்களும் பம்பு நிலையங்களும் அடித்துக்கொண்டு போனதையும், அதற்குப் பிறகு கடற்கரைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டதையும், டோங்காட்டில் குடிதண்ணீருக்கே நாம் டேங்கர் பின்னால் ஓடியதையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். வாயைத் திறந்தால் அந்தக் கழிவு எங்கே போகும்? நேரே குழந்தைகள் குளிக்கிற கரைக்கு. நாற்றம் பாலத்தடியிலிருந்து கடற்கரைக்கு வீடு மாறும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கழிவுநீர் வந்து சேர்வதால் ஆற்றில் தண்ணீர் இயற்கையாக இருக்க வேண்டியதைவிட அதிகம், ஆகவே வாய் ஏற்கெனவே தேவைக்கு மேல் அடிக்கடி திறந்துகொண்டிருக்கிறது, குறிப்பாக ஒஷ்லாங்காவில். உம்லோட்டியில் மேலே ஹேசல்மியர் அணை வேறு சின்ன வெள்ளங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, ஆகவே வண்டலை அடித்துக்கொண்டு போகிற பலமான பாய்ச்சல் குறைந்துவிட்டது. ஒரு பக்கம் வேண்டாத நேரத்தில் தண்ணீர், மறுபக்கம் வேண்டிய நேரத்தில் தண்ணீர் இல்லை. இதற்கு நடுவில் டிஎல்பியும் வந்தால் ஆறு என்னதான் செய்யும்?

மூடிய வாய் ஊரைக் காப்பாற்றவும் கூடும் என்பதை இங்கே சொல்ல வேண்டும், முழுமையாக இல்லாவிட்டாலும். 2021 ஜூலைக் கலவரத்தில் கார்னுபியாவில் விவசாய ரசாயனக் கிடங்கு ஒன்று எரிந்து, தீயணைத்த தண்ணீரோடு விஷம் ஓடையில் இறங்கி ஒஷ்லாங்கா கழிமுகத்துக்கு வந்ததே, தண்ணீர் நீலப்பச்சையாக மாறி மீன் டன் கணக்கில் செத்து மிதந்ததே, அப்போது எல்லோரும் முதலில் கேட்ட கேள்வி வாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதுதான். மணல் மேடு நின்றால் விஷத்தை உள்ளேயே வைத்து உறிஞ்சி எடுக்க நேரம் கிடைக்கும், திறந்தால் கடலுக்கும் கடற்கரைக்கும் போகும்.

வெள்ளத்தைப் பற்றியும் அந்த வாசகர் எழுதியிருந்தார், வாய் மூடியிருப்பதால் கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று. நான் கேட்பது, கார் நிறுத்துமிடம் ஏன் அங்கே இருக்கிறது? நம் நாட்டில் கழிமுகம் என்பது தண்ணீர் தெரிகிற இடம் மட்டுமல்ல, கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரக் கோடு வரைக்கும் கழிமுகத்தின் இடமாகத்தான் வரைபடத்தில் குறித்திருக்கிறார்கள். அதற்குள் கரும்பை நட்டோம், ரோட்டைப் போட்டோம், புல்வெளியும் சுவரும் கட்டினோம், பிறகு தண்ணீர் தன் வீட்டுக்குள் வந்தால் அதைத் திருடன் என்கிறோம். நம்மவர்களுக்கு இது புதிதில்லை. உம்கேனிக் கரையில் ஸ்பிரிங்ஃபீல்டு சமவெளியில் காய்கறி போட்டுப் பிழைத்தவர்கள் வேறு இடம் கிடைக்காமல்தான் அங்கே தகரக் குடிசை போட்டார்கள். 1917 அக்டோபர் வெள்ளத்தில் படவட்டான் அறுவர் என்று நாம் இன்றும் சொல்லிக்கொள்கிற மீனவர்கள் வலைப்படகில் திரும்பத் திரும்பப் போய் 176 பேரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். 1976இல் மறுபடியும் வெள்ளம், அதற்குப் பிறகுதான் டின் டவுன் என்று பேர்பெற்ற அந்தக் குடிசைகளின் குடும்பங்கள் ஃபீனிக்ஸுக்குப் போயின. இடமில்லாமல் ஆற்றுப்படுகையில் உட்கார்ந்த அந்த ஜனங்களையும், கடல் தெரிய வேண்டும் என்று பணம் கொடுத்து அங்கேயே கட்டுகிறவர்களையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

இசிப்பிங்கோவையும் பாருங்கள், ஆற்றுக்கு மனிதன் வழி சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல பாடம் அங்கே இருக்கிறது. முன்பு உம்லாசி ஆறும் இசிப்பிங்கோ ஆறும் ஒரே கழிமுகத்தில் சேர்ந்தன. பழைய விமான நிலையத்துக்காகவும் தொழிற்பேட்டைக்காகவும் உம்லாசியை நேர்க்கோட்டில் கான்கிரீட் கால்வாயாக்கிக் கடலுக்குத் திருப்பிவிட்டார்கள். இசிப்பிங்கோவுக்கு மிச்சமானது மெலிந்த ஓடை, தொழிற்பேட்டைக் கழிவு, அதற்கு நடுவில் எப்படியோ உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் கொஞ்சம் கண்டல் மரங்கள். ஈஸ்டருக்கு மாரியம்மன் கோயிலுக்கு வருகிற பல்லாயிரம் பேரில் எத்தனை பேர் அந்தக் கண்டலை எட்டிப் பார்த்திருப்பார்கள் தெரியவில்லை.

நான் வெட்டவே கூடாது என்று சொல்லவில்லை. சில நேரம் வெட்டத்தான் வேண்டும், வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும் நிலை, கழிவு தேங்கி மீன் சாகிற நிலை, இப்படி. செயின்ட் லூசியா ஏரியில் 2021 ஜனவரியில் வாயை வெட்டித் திறந்தபோது எவ்வளவு சண்டை, அமைச்சர் நிபுணர் குழுவே போட வேண்டியிருந்தது. அங்கே கதை வேறு, அதே வாயில் சேர்ந்த உம்ஃபோலோசி ஆற்றை 1952இல் பிரித்துவிட்டதன் பாவத்தை அறுபது வருடம் கழித்துக் கழுவ வேண்டிவந்தது, நம் சின்ன ஆறுகளை அதோடு ஒப்பிடக் கூடாது. ஆனால் யார், எப்போது, எந்த மட்டத்தில் வெட்டுவது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் சண்டைதான் மிஞ்சும் என்பது இரண்டுக்கும் பொது. 2008ஆம் ஆண்டின் கடற்கரை மேலாண்மைச் சட்டம் ஒவ்வொரு கழிமுகத்துக்கும் மேலாண்மைத் திட்டம் வேண்டும் என்கிறது. கழிமுகத்திலிருந்தோ கடற்கரையிலிருந்தோ 5 கன மீட்டருக்கு மேல் மணலை நகர்த்த வேண்டுமானால் அங்கீகரித்த திட்டமோ சுற்றுச்சூழல் அனுமதியோ இருக்க வேண்டும். 5 கன மீட்டர் என்பது எவ்வளவு? டிஎல்பியின் முன்வாளியால் ஐந்தாறு முறை அள்ளினால் தாண்டிவிடும். ஆகவே "இரண்டு மணி நேர வேலை" என்று அந்த வாசகர் சொன்னது சட்டப்படி குற்றம், யாராவது அதைப் படித்துவிட்டுப் பக்கி வண்டியில் மண்வெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது என்பதற்காகவும்தான் எழுதுகிறேன்.

வெட்டியே ஆக வேண்டும் என்றால் முறை இருக்கிறது. நீர்மட்டம் உயர்ந்து மேட்டின் விளிம்புக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். பெரிய ஓதத்தின் உச்சம் கழிந்து வற்றம் தொடங்கும்போது, மேடு குறுகலாக இருக்கிற இடத்தில், ஒரே ஒரு வாய்க்காலாகக் கீற வேண்டும். குளிர்காலத்தில் கூடாது, வசந்த மழையோடு சேர்த்துச் செய்தால் வெளியே காத்திருக்கிற குஞ்சுகளும் உள்ளே வரும். மேலே மழை பெய்துகொண்டிருந்தால் இன்னும் நல்லது, திறந்த வாய் மறுநாளே மூடிக்கொள்ளாது.

நம் பங்கையும் சொல்லிவிடுகிறேன், சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். புளூ லகூனிலும் லா மெர்சியிலும் பூஜை முடித்துத் தண்ணீரில் விடுகிறோமே, தேங்காயும் வெற்றிலையும் பூவும் மக்கிப் போகும், பாதகமில்லை. ஜரிகைச் சேலை, பிளாஸ்டிக் தட்டு, கண்ணாடி போட்ட சாமி படம், தெர்மாகோல் தோணியில் வைத்த விளக்கு, இதெல்லாம் எந்த ஆகமத்தில் இருக்கிறது? வாய் மூடிய ஆற்றில் போட்டது எங்கும் போகாது, நாணலில் போய்ச் சிக்கிக்கொண்டு அடுத்த மழைக்காகக் காத்திருக்கும். உம்கேனி வாயில் பீச்வுட் கண்டல் காட்டின் வேர்களில் சிவப்புச் சேலை சுற்றிக்கிடப்பதைப் பார்த்தால் அம்மனுக்கே மனசு கஷ்டப்படும். கோயில் கமிட்டிகள் கரையில் இரண்டு தொட்டி வைத்தால் தீர்கிற வேலை இது.

கடைசியாக, லா மெர்சி வாசகரும் நானும் சேர்ந்து கேட்கக்கூடியவை சில உண்டு. பாலத்தின் தூணில் நீர்மட்ட அளவுகோல் ஒன்றைப் பெரிய எழுத்தில் வரையட்டும், எந்தக் கோட்டுக்கு வந்தால் வெட்டுவார்கள் என்பதை அதிலேயே சிவப்பில் குறிக்கட்டும், போகிற வருகிற எல்லோருக்கும் தெரியும். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீரின் பரிசோதனை முடிவை மாதாமாதம் நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும். 5 மீட்டர் கோட்டுக்குள் இனி புதிதாகக் கட்ட யாராவது விண்ணப்பித்தால் அந்த விளம்பரத்தைப் பார்த்ததும் ஆட்சேபம் எழுதிப் போடுவோம், ஆட்சேபத்துக்குப் பொதுவாக 30 நாள்தான் கொடுப்பார்கள், நம்மில் பலர் பார்ப்பதற்குள் அது போய்விடுகிறது. ஆங்கிலத்தில் எழுதத் தயங்குகிற பெரியவர்களுக்கு எழுதிக் கொடுக்க நான் தயார். ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் வாசலில் பிடித்தால் போதும்.

இப்படிக்கு,
டோங்காட் வாசகர் ஒருவர்